மூன்றாவது டிஸ்க்

காலை பத்தரைக்கு மின்சாரப் பராமரிப்புக்காக மெயின்ஃப்ரேமை நிறுத்தினார்கள். பதினொன்றரைக்குத் திரும்ப இயக்கினார்கள். அந்த ஒரே பெரிய கணினிக்குள் தனித்தனியாக ஓடும் ஒன்பது லினக்ஸ் அமைப்புகளில் எட்டு ஒழுங்காக எழுந்துவிட்டன. ஒன்பதாவது பாதி வழியில் நின்றது. உறுப்புமாற்றுப் பதிவேடு அந்த ஒன்பதாவதில்தான் இருந்தது. யாருக்குச் சிறுநீரகம் வேண்டும், யார் எத்தனை நாளாகக் காத்திருக்கிறார்கள், யார் நிலைமை எவ்வளவு மோசம் என்று பார்த்து வரிசை போட்டுத் தருவது அது.

லினக்ஸ் பக்கத்தைக் கவனிக்க அந்தக் கட்டடத்தில் அவன் ஒருவன்தான். குளிர்பதன அறையில் ஸ்வெட்டருக்குள் வியர்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்து மேசையில் ஆபரேட்டர். மணி சொல்லாமல் அந்த மனிதரால் பேசவே முடியாது என்பதால் எல்லாருக்கும் அவர் கடிகாரம்.

"பன்னெண்டு நாப்பது. இன்னுமா முரண்டு பிடிக்குது?"

"சிஸ்டம் இருக்கிற ரூட் பகுதி கிடைக்கலேங்குது. டிஸ்க்ல ஒரு குறையும் இல்லேன்னு ஸ்டோரேஜ்காரங்க சத்தியம் பண்றாங்க."

"யார்தான் தன் டிஸ்க்கைக் குறை சொல்வாங்க."

கட்டளைகளைத் தட்டும் அவசர ஷெல் மட்டும் திறந்திருந்தது. அந்தக் கன்சோலில் கடைசி வரியில்தான் தட்டச்சு செய்ய முடியும். மேலே போய்த் திருத்த வழியில்லை, அம்புக்குறி விசைகள் பெயருக்கு இருந்தன. ஒரு வரி அனுப்பினால் முப்பது வரி பதில் வந்து, படிப்பதற்குள் பாதி மேலே ஓடிப்போகும். லினக்ஸின் மையமான கெர்னலின் பழைய பதிப்பை ஏற்றிப் பார்த்தான், அதே இடத்தில் நின்றது. பேக்கப்பிலிருந்து மீட்க நான்கு மணி நேரம் ஆகும்.

மருத்துவமனை ஒருங்கிணைப்பாளர் அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், டோனர் பி பாசிட்டிவ். ஒரு கிட்னிதான் தேறியிருக்கு. ரெண்டு மணிக்குள்ள உங்க லிஸ்ட் வரலேன்னா பேப்பர் லிஸ்ட்டை வெச்சுக் கூப்பிட்டுடுவோம். விதி அப்படி."

"பேப்பர் எப்ப எடுத்தது?"

"மூணு வாரம் ஆச்சு. அதுல முதல் நம்பர் நாலு ஒண்ணு ஏழு. அவங்களுக்கு இன்னும் சொல்லல. ரெண்டு அடிச்சதும் சொல்லிடுவோம்."

நானூற்றுப் பதினேழு அவனுடைய அக்கா. அந்த எண் அச்சிட்ட அட்டையின் படம் மூன்று வருடமாக அவன் செல்போனில் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் அவள் டயாலிசிஸ் நாற்காலியில் கிடக்கிறாள். அலுவலகத்தில் யாருக்கும் இது தெரியாது.

"அதுக்கப்புறம் புதுசா யாராவது சேர்ந்தாங்களா?" என்று கேட்டான்.

"பி பாசிட்டிவ்ல ரெண்டு பேர். அதுல ஒருத்தருக்குக் கை, கழுத்து, தொடைன்னு ஊசி போட எங்கயும் ரத்தக்குழாய் மிச்சமில்ல. அதனாலதான் உங்க லிஸ்ட்டுக்கு இப்படிக் காத்துக்கிடக்கோம்."

கடிகாரம் போனை வைத்தார். "ஒண்ணு பத்து. விட்டுத் தொலைப்பா. பேப்பர் இருக்கு, விதி இருக்கு. சாயங்காலம் பேக்கப்பைப் போட்டுக்கலாம். உன் தலையை யாரும் வாங்க மாட்டாங்க."

லினக்ஸ் எழும்போது கெர்னலிடம் எந்தெந்த டிஸ்க்கைச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டு அவன் ஒரு வரி அனுப்பினான். இரண்டு எண்கள் வந்தன. மூன்று வந்திருக்க வேண்டும்.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு மதியம் ரூட்டில் இடம் தீர்ந்துபோய், மூன்றாவது டிஸ்க்கைச் சேர்த்து நீட்டியது அவன்தான். அதன் எண்ணை அமைப்புக் கோப்பிலும் எழுதினான். ஆனால் மெயின்ஃப்ரேம் எழும்போது அந்தக் கோப்பைப் படிப்பதில்லை. டிஸ்க்கில் பதிந்திருக்கும் துவக்கப் பதிவைத்தான் படிக்கும். கோப்பைத் திருத்தியதும் ஜிப்பிள் என்ற கட்டளையை ஓட்டினால்தான் பதிவு புதிதாகும். ஓட்டப்போன நேரத்தில் அக்கா வீட்டுக்காரர் அழைத்தார். "மாப்ளே, கையில குழாய் அடைச்சிடுச்சு. இவளுக்கு ஊசி ஏறல. உடனே வா." போட்டது போட்டபடி ஓடினான். இரண்டு நாள் கழித்து வந்தபோது எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருப்பதை யார் கிளறுவார்கள்? அதன்பிறகு அதை நிறுத்தி எழுப்பியது இன்று காலைதான்.

மணி ஒன்று இருபது. மூன்றாவது டிஸ்க்கை இயக்க ஒரு வரி, மூன்று டிஸ்க்கும் சேர்ந்த தொகுப்பை எழுப்ப ஒரு வரி, பிறகு ஷெல்லிலிருந்து வெளியேற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் வரியைத் தட்டினான். அனுப்பும் விசையை அழுத்தவில்லை.

கையைக் கட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதும். பொய் சொல்ல வேண்டாம், எதையும் அழிக்க வேண்டாம். அக்காவுக்கு அழைப்பு போய்விடும். தட்டிய வரியை அழித்தான், மறுபடி தட்டினான். உள்ளங்கையை ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டான். ஊசி போட இடமில்லாத அந்த ஆளுக்கும் யாராவது உடன்பிறந்தவர்கள் இருப்பார்கள் என்று தோன்றியது. இருக்கட்டும் என்றும் தோன்றியது.

"ஒண்ணு நாப்பத்தஞ்சு," என்றார் கடிகாரம். "ஏம்ப்பா, திரையோட முறைச்சிக்கிட்டா அது பயந்து எழுந்துடுமா?"

செல்போன் அதிர்ந்தது. அக்கா.

"சாப்பிட்டியாடா?"

"இல்லக்கா. மெஷின் நின்னுபோச்சு."

"என் மெஷின் இன்னைக்கு ஜோரா ஓடுது. மாத்திக்கலாமா?" சிரித்தாள். சிரிப்புக்குப் பின்னால் பம்பு சுற்றும் சத்தம் கேட்டது. "ஏன் பேச மாட்டேங்கற? என்ன கோளாறுன்னு தெரியலையா?"

"தெரியும்."

"தெரிஞ்சா சரி பண்ண வேண்டியதுதானே. கையில மருந்தை வெச்சுக்கிட்டு நிக்கிற டாக்டர் மாதிரி என்ன உட்கார்ந்திருக்க? எங்க நர்ஸ் அப்படி நின்னா நான் விடுவேனா?"

"வெச்சிடறேன்க்கா."

"போய் முதல்ல சாப்பிடு."

விசையை அழுத்தினான். டிஸ்க் வந்தது. அடுத்த வரியில் தொகுப்பு எழுந்தது. வெளியேறியதும் திரை மடமடவென்று ஓடி, ஒன்று ஐம்பத்தைந்துக்கு உள்நுழையச் சொல்லி நின்றது. கடிகாரம் அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

ஒன்று ஐம்பத்தெட்டுக்கு ஒருங்கிணைப்பாளர் அழைத்தார். "வந்துடுச்சு சார், நல்லவேளை. முதல் நம்பர் ஆறு பூஜ்யம் ரெண்டு, ஊசி போட இடமில்லேன்னேனே, அவர்தான். அவருக்குச் சொல்லிட்டோம்."

"நாலு ஒண்ணு ஏழு?"

"ரெண்டாவது. ஏன் சார்?"

"ஒண்ணுமில்லைங்க."

போனை வைத்துவிட்டு ஜிப்பிளை ஓட்டினான். மூன்று டிஸ்க் எண்களும் வரிசையாக வந்தன. மூன்று நொடிகூட ஆகவில்லை.

பிறகு பழுதுப் புத்தகத்தை இழுத்து எழுதினான். காரணம்: டிஸ்க் சேர்த்தபின் ஜிப்பிள் ஓட்டாதது. தவறு செய்தவர் என்ற இடத்தில் தன் கையெழுத்து. காரணம் தெரிந்த நேரம் 1.20. சரிசெய்யத் தொடங்கிய நேரம் 1.50.

கடிகாரம் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். நேரத்தில் அவரை ஏமாற்ற முடியாது.

"நடுவுல அரை மணி இருக்கே. என்ன பண்ணினே?"

"உட்கார்ந்திருந்தேன்," என்றான்.