லாய்ட் ஓடவிட்டுப் போன புரோகிராம்

பிரிண்டர் மறுபடியும் இருமியது.

சாந்தோம் கடற்கரையை ஒட்டிய சின்ன மாதா கோயிலின் ஆபீஸ் அறை. சனிக்கிழமை காலை பதினொன்றரை மணி. கோயில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் ரெனிட்டா பிரிண்டர் பக்கம் திரும்பினாள்.

வந்து விழுந்தது, நாளைய பூசையில் ஃபாதர் வாசிக்க வேண்டிய இறந்தவர்களின் பட்டியல். கடைசிப் பெயர் ஆரோக்கியநாதன்.

அவள் அப்பா! ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இட்லிக்குச் சட்னி போதவில்லை என்று நர்ஸிடம் சண்டை போடும் அளவுக்கு நன்றாகவே. திங்கட்கிழமை வீடு.

"இன்னாம்மா, அந்த புரோகிராமைத்தான் அழிச்சிட்டேன்னியே?" ஃபாதருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் மர்சலின் எழுந்து வந்தார்.

"அழிச்சிட்டேன் அங்கிள். ஃபைலே இல்ல."

"அப்புறம் எவன் ஓட்டிக்கினு கீறான்?"

இந்த மாதம் இதேபோல், யாரும் எழுதிக் கொடுக்காத பெயர்கள் இரண்டு வந்தன. ஏதோ பிழை என்று சிரித்தார்கள். பூசை மணி அடிப்பதற்குள் இருவருமே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

இந்தப் பட்டியலை அச்சடிக்கும் புரோகிராமை எழுதியவன் லாய்ட், பங்கின் கம்ப்யூட்டர் பைத்தியம். இந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் பைத்தான் மொழியில் எழுதி வைத்தான். நாற்பது நாளைக்கு முன் பைக் விபத்தில் செத்தான்.

ரெனிட்டாவுக்குச் சுரீரென்று உறைத்தது. ஃபைலை அழித்து என்ன பயன்? பைத்தான் அதை எப்போதோ படித்து நினைவில் ஏற்றிக்கொண்டுவிட்டதே! மனப்பாடம் செய்தவனிடம் புத்தகத்தைப் பிடுங்கினால் வாய் மூடுவானா?

ஓடிக்கொண்டிருப்பவற்றின் பட்டியலைக் கறுப்புத் திரையில் வரவழைத்தாள். இருந்தது. ஓடவிட்டவர், லாய்ட். ஓடத் தொடங்கிய தேதி...

"அங்கிள், லாய்டை அடக்கம் பண்ணது போன மாசம் மூணாம் தேதிதானே?"

"ஆமா. ஏன்?"

"இது நாலாம் தேதி ஆரம்பிச்சிருக்கு."

மர்சலின் சிலுவை போட்டுக்கொண்டார். "பேசிக்கினு நிக்காத. கொன்னுடு அத்த!"

கொல்வதில் இரண்டு விதம். ஒன்று, கேள்வி கேட்காமல் ஒரே வெட்டு. மற்றது மரியாதையானது. 'முடித்துக்கொள்' என்று சொல்லிவிட்டு, மிச்சம் மீதி வேலையை முடிக்க அவகாசம் தரும். வேளச்சேரி சாஃப்ட்வேர் ஆபீசில் எட்டு வருஷம் பழகிய கை, யோசிக்காமல் மரியாதையானதை அடித்தது.

திரையிலிருந்து லாய்டின் வரி மறைந்தது.

"போயிடுச்சு அங்கிள்!" சிரித்தேவிட்டாள்.

பிரிண்டர் இருமியது.

மிச்ச வேலை! நாளைக்கென்று வைத்திருந்ததை முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறது.

ஒரே தாள். அதே பெயர். பக்கத்தில் இருந்த தேதி மட்டும் நாளையது இல்லை. இன்றையது.

"இன்னா போட்டுக்கீது, காட்டு..." மர்சலின் கையை நீட்டினார்.

மேஜைமேல் அவள் செல்போன் அதிர்ந்து, மெல்ல விளிம்பை நோக்கி நகர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா.