போகாத ஒன்று

ஐந்து நாளாக அந்த 1 போகவில்லை.

கல்லூரியில் ஒரு பாடத்துக்குக் கட்டுரை எழுதி வகுப்பில் வாசிக்க, நாங்கள் மூன்று பேர் ஒரு குழு. நான் ஸேஹீ, மூன்றாம் ஆண்டு. தலைவி வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். கியூதே எனக்கு ஒரு வருஷம் இளையவன். ஹாரம் இந்த வருஷம் சேர்ந்த பெண். சாட்டில் நான் எதைப் போட்டாலும் பக்கத்தில் மஞ்சளாக 2 என்று நிற்கும். படிக்காதவர்களின் எண்ணிக்கை அது. கியூதே படித்ததும் 1 ஆகும். அதோடு சரி, ஹாரம் திறப்பதே இல்லை.

"ஹாரம், உன் பகுதி எங்கே?" 1.

"வெள்ளிக்கிழமை மேடையேறணும், ஞாபகம் இருக்கா?" 1.

"உயிரோடதான் இருக்கியா?" 1.

உயிரோடுதான் இருந்தாள். படம் போடும் செயலியில் காலையில் ஸ்ட்ராபெரி கேக், மதியம் ஆற்றங்கரை, சாயங்காலம் கன்னத்தில் கைவைத்த சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வகுப்பில், பஸ்ஸில், பல் தேய்க்கும்போதுகூட 1 போயிற்றா என்று பார்ப்பேன். போயிருக்காது. உடனே அவள் படங்களைப் போய்ப் பார்த்து வயிறெரிவேன். அந்த நேரத்தில் அவள் பகுதியையும் நானே எழுதியிருக்கலாம். என் பகுதியே பாதியில் கிடந்தது.

வியாழன் மதியம், கல்லூரிக் கடையில் கடற்பாசித் தாளில் சோற்றைப் பொதிந்த முக்கோண கிம்பாப்பைப் பிரித்தபடி கியூதே சொன்னான்: "அக்கா, பேசாம பேரைத் தூக்கிடுங்க."

வேலை செய்யாதவரின் பெயரைக் கட்டுரையின் முதல் பக்கத்திலிருந்து எடுத்துவிடுவது இங்கே வழக்கம். பெயர் இல்லையென்றால் மதிப்பெண்ணும் இல்லை. ஹாரம் அந்தப் பாடத்தில் தோற்றுவிடுவாள்.

"பாவம்டா, முதல் வருஷம்."

"கேக் திங்கத் தெரியுது, பதில் போடத் தெரியாதா?"

அவன் வகுப்புக்குப் போனதும் பெயரை அழித்தேன். அவனுக்குத் தனியாக எழுதினேன்: "எடுத்துட்டேன். அது பொண்ணு இல்ல, கல்லு."

அனுப்பிய பிறகுதான் பார்த்தேன், மூன்று பேர் இருக்கும் குழுவில் போட்டிருக்கிறேன். அழிக்க விரலை வைப்பதற்குள் 2 போய் 1 ஆகி, அதுவும் போய்விட்டது.

எங்கள் வயதில் யாரும் போன் செய்து பேசுவதில்லை. போன் வந்தால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயப்படுவோம். இருந்தாலும் ஹாரமுக்குச் செய்தேன்.

"அக்கா." பேசியே பல நாளான குரல்.

"இத்தனை நாளா எங்கடி இருந்த?"

"ரூம்லதான். திரையில மேல மெசேஜ் வந்து போகும்போதே எல்லாத்தையும் படிச்சிட்டேன். திறந்தா 1 போயிடும், உடனே பதில் சொல்லணும். என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே படுத்திருப்பேன், பொழுது போயிடும்."

"அப்ப அந்தக் கேக்கு?"

"போன வசந்தத்துல எடுத்தது அக்கா. படம் வரலைன்னா என்னாச்சுன்னு எல்லாரும் கேப்பாங்க."

"இதை மட்டும் எப்படித் திறந்த?"

"இதுல நீங்க என்கிட்ட எதுவும் கேக்கலையே."

பெயரைத் திரும்பச் சேர்க்கிறேன் என்றேன்.

"வேணாம்க்கா. நான்தான் ஒண்ணுமே செய்யலையே."

அது உண்மை. கோபப்படவும் முடியவில்லை, விட்டுத்தொலைக்கவும் முடியவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்கும் ஒரு பதில் தேடுவாளே என்று நிறுத்திக்கொண்டேன்.

"நான் அங்க வர்றேன். சேர்ந்து எழுதலாம். நீ ஒண்ணும் சொல்ல வேணாம்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. போனையும் வைக்கவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.