மூத்தவளும் இளையவளும்

அவள் கணவருக்கு வாசலில் இரண்டு கார்கள். கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய பழைய செடான், மூத்தவள். போன வருஷம் வாங்கிய புது செடான், இளையவள். "அப்ப நான் யாரு, நடுவுல வந்தவளா?" என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் தொலைந்தார்கள், இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டாமல் விடமாட்டார். மூத்தவளின் கதவைச் சாத்திக் காட்டுவார். "கேட்டீங்களா, என்ன ஒரு கனம்! இளையவளைச் சாத்தினா பிஸ்கட் டப்பா மூடற மாதிரி இருக்கும். பின்னால போனா ஒரு கத்தல், பெல்ட் போடலைன்னா ஒரு கத்தல். காரா இது, வாத்தியாரா?"

அவளுக்கோ இளையவள்தான் உசத்தி. சாவி யார் பையில் இருந்தாலும் கிளம்பும், ஆள் பார்க்காது. மருந்துக்கடை வேலைக்கு வாரத்தில் பாதி நாள் அதில்தான் போனாள். மூத்தவளைத் தொட மட்டும் அனுமதியில்லை. "அவ என் கைக்குத்தான் மசிவா" என்பார், பெரிய சாதனை மாதிரி.

அவர்களோடு இருந்த அவள் அப்பா சும்மா விடமாட்டார். "மாப்பிள்ளை, எனக்கும் நாலு சக்கரம் இருந்திருந்தா தினம் விசாரிச்சிருப்பீங்க!"

அந்தப் புதன்கிழமை அவளுக்கு லீவு. காலை பத்து மணிக்கு அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலேயே சாய்ந்தார். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. இளையவளை எடுத்துக்கொண்டு கணவர் ஆபீஸ் போயிருந்தார். ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். ஆஸ்பத்திரியோ பத்து நிமிஷ தூரம்தான். எதிர்வீட்டுத் தையல்காரரும் அவளுமாக அப்பாவைத் தூக்கி மூத்தவளின் பின்சீட்டில் கிடத்தினார்கள்.

ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துவந்து திருகினாள். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் தரும் சோக்கை முழுக்க இழுத்து இன்னும் நாலு தடவை திருகினாள். பெட்ரோல் நாற்றம்தான் வந்தது. கணவருக்குப் போன் போட்டாள்.

"அப்பாவுக்கு நெஞ்சுவலிங்க. மூத்தவ ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது. என்ன பண்ணணும், சீக்கிரம் சொல்லுங்க!"



"நீயா எடுத்த? வேண்டாம், அது உனக்குச் சரிப்படாது, எங்கயாவது கொண்டுபோய் இடிச்சுடுவ. விட்டுடு. நான் இதோ கிளம்பிட்டேன், இருபது நிமிஷம்."

தையல்காரர் தெருமுனைக்கு ஓடி வாடகை வண்டி தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. பத்தரைக்கு அப்பாவின் மூச்சு நின்றுவிட்டது. "பாழாப்போன வண்டி, நாசமாப்போன வண்டி" என்று ஸ்டியரிங்கில் அடித்து அடித்து அழுதாள்.

ஐந்து நிமிஷம் கழித்து இளையவள் வந்து நின்றாள். கணவர் ஓடிவந்து பின்சீட்டைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "நகரு, நகரு, உசுரு இருக்கும்" என்று அவளைப் பின்சீட்டுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தார். முதல் காரியமாகச் சோக்கை உள்ளே தள்ளினார். பிறகு ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டு எதையோ தட்டிவிட்டுச் சாவியைத் திருகினார். மூத்தவள் ஒரே சுற்றில் கிளம்பினாள்.

அவளுக்கு அழுகை நின்றுவிட்டது.

"என்னது அது?"

"சுவிட்சு. அதைப் போட்டாத்தான் இன்ஜின் பிடிக்கும். திருடன் கொண்டுபோயிடக் கூடாதுன்னு வெச்சது."

"வேற யாருக்குத் தெரியும்?"

கியரைப் போட்டார். "மெக்கானிக்குக்கு." கொஞ்சம் பொறுத்து, "அவன் தம்பிக்கும்."

"பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். நான்தான் திருடியா?"

அவர் ஆக்சிலரேட்டரை மிதித்தார், வண்டி குலுங்கிக்கொண்டு பறந்தது. அவள் அப்பாவின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மெதுவாவே போங்க" என்றாள். "மூத்தவளுக்கு ஏதாவது ஆகிடப் போகுது."