ஓரத்தில் ஒரு மழைக்கோட்டு

காதல் அழிவற்றது. தைவானின் தைச்சுங் நகரில் உள்ள 'நித்திய அரண்மனை' கல்யாணப் பட நிலையத்தின் வாசல் கண்ணாடியில் இதைப் பொன்னெழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். இரண்டாம் மாடியில், படம் தேர்ந்தெடுக்கும் அறையில், யாரும் காசு கொடுக்காத காதல் அன்று மாலைக்குள் கணினியிலிருந்து அழிக்கப்படும்.

அழிப்பது யீஜுனின் வேலை. பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறாள். ஒரு ஜோடிக்கு எடுக்கிற நூற்றைம்பது படங்களில் இருபதுதான் பேசிய விலைக்குள் அடக்கம். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தொள்ளாயிரம் தைவான் டாலர். மீதியை ஜோடியின் கண்ணெதிரே ஒவ்வொன்றாகத் திரையில் பெரிதாக்கி, "இது வேணாமா?" என்று கேட்டுவிட்டுப் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்குவதற்கு முன் இரண்டு விநாடி நிறுத்துகிறாளே, அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

அந்த மாதம் முதலாளி காவ் நிலையத்தைத் தைபேய் கம்பெனி ஒன்றுக்கு விற்கப் பேசிக்கொண்டிருந்தார். கேமராவைத் தொட்டு ஆறு வருடம் ஆகியிருந்தாலும், அறிமுக அட்டையில் 'கலை இயக்குநர்' என்றுதான் போட்டிருந்தார். விலையை ஏற்ற வாசலில் ஒரு வெள்ளைப் பியானோ வாங்கிப் போட்டார். அதற்குள் தந்தி கிடையாது.

"நாம படமா விக்கிறோம்?" என்று தினமும் காலையில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துக் கேட்பார். "தலைமுறைகளை விக்கிறோம்!"

தைபேய்க்காரர்களுக்குத் தலைமுறை கணக்கில்லை. ஒரு ஜோடி கூடுதலாக எத்தனை படம் வாங்குகிறது என்பதே கணக்கு. இப்போது சராசரி நான்கு. அது எட்டானால் நிலையத்தின் விலை இரட்டிப்பு. கம்பெனி மேலாளர் கோ மேடம் மூன்று நாள் வந்து உட்கார்ந்து பார்ப்பார். தேர்வறைப் பெண்கள் மூன்று பேரில் ஒருத்தியைத்தான் வைத்துக்கொள்வார். மற்ற இருவருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை. யீஜுனுக்கு நாற்பத்து நான்கு.

யீஜுனின் முறைக்கு வந்த ஜோடி பெய்ச்சியும் செங்ஹானும். பெய்ச்சி காலைச் சிற்றுண்டிக் கடையில் முட்டை ரொட்டி சுடுகிறவள். செங்ஹான் ஏசி மாட்டுகிறவன். இருபது படத்தை இருபது நிமிடத்தில் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கோ மேடம் மூலையில் பயிற்சிக்கு வந்தவர் போலக் குறிப்பேட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"மத்தது?" என்றாள் யீஜுன்.

"அழிச்சிடுங்க அக்கா" என்றான் செங்ஹான். "அதே மூஞ்சிதான எல்லாத்துலயும்."

யீஜுன் இரண்டு விநாடி நிறுத்தினாள். பெய்ச்சி பால்டீயை உறிஞ்சினாள். யீஜுன் அழித்தாள். அடுத்ததற்கு மூன்று விநாடி நிறுத்தினாள். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. முப்பது படம் போய்விட்டது. மூலையில் பேனா அசையவே இல்லை.

பிறகு கடற்கரைப் படங்கள் வந்தன. அன்று தூறல் விழுந்திருந்தது. மணப்பெண்ணுக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில், மங்கலாக மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று குனிந்து, கவுனின் நீண்ட வால் சேற்றில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தது. தலையை மூடியிருந்ததால் முகம் தெரியவில்லை. படப்பிடிப்பில் விளக்கு தூக்கும் ஆடே என்பவன்தான் அது. ஐம்பத்தாறு வயது, இயந்திரப் பட்டறை மூடியபின் இங்கே வந்தவன். நான்கு வருடமாகத் தினம் ஏதாவது ஒரு படத்தின் ஓரத்தில் மாட்டிக்கொள்வான். கணினியில் படத்தைச் சுத்தம் செய்கிறவர்கள் அவனைத் துடைத்துவிடுவார்கள்.

பெய்ச்சி கோப்பையைக் கீழே வைத்தாள். "அது யாரு... எங்க அப்பாவா?"

யீஜுனின் விரல் பொத்தான் மேல் இருந்தது.

"அன்னைக்கு அப்பாவும் வந்திருந்தார், பை தூக்க. என்னைத் திரும்பவே கூடாதுன்னு கேமராக்காரர் சொல்லிட்டார். யாரோ பின்னாடி தூக்கிப் பிடிக்கறது மட்டும் தெரிஞ்சுது." அவள் திரையருகே போனாள். "அப்பாதான?"

மூலையில் பேனா நிமிர்ந்தது.

"வேற யாரு இப்படிப் பிடிப்பாங்க?" என்றாள் யீஜுன்.

அதே நேரம் கதவைத் தள்ளிக்கொண்டு ஆடே அடுத்த பால்டீயோடு வந்தான். திரையில் தன்னைப் பார்த்தான். அழுதுகொண்டிருந்த பெண்ணைப் பார்த்தான். "அப்பா மழையில நனைஞ்சுக்கிட்டு..." என்று அவள் சொன்னது காதில் விழுந்ததும் கோப்பைகளை ஓசைப்படாமல் வைத்துவிட்டு, பின்பக்கமாகவே நடந்து வெளியேறினான்.

மழைக்கோட்டு இருந்த படங்கள் மொத்தம் பதினொன்று.

"ஃபிரிட்ஜு வாங்க வச்ச காசு..." என்று மெல்ல ஆரம்பித்தான் செங்ஹான்.

"உங்கம்மாவோடதே ஓடட்டும்" என்றாள் பெய்ச்சி மூக்கைத் துடைத்துக்கொண்டு. "கதவுக்கு ஒரு கயிறு கட்டினா மூடும்."

மத்தியானம் யீஜுன் தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்த கோழிக்காலை எடுத்து ஆடேயின் டப்பாவில் வைத்தாள்.

"லஞ்சமா தங்கச்சி?"

"பேசாம சாப்பிடுங்கண்ணே."

"அந்தப் பொண்ணுக்கு நான் அப்பனா? எனக்குக் கல்யாணமே ஆகலையே." அவன் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். "விடும்மா. பிடிச்சது யாராயிருந்தா என்ன, வாலு நனையலல்ல?"

யீஜுன் டப்பாவை மூடி வைத்தாள்.

மறுநாள் கோ மேடம் எல்லோரையும் கூட்டி, இது தற்செயலாக நடந்ததாக இருக்கக் கூடாது, முறையாக வேண்டும் என்றார். இனி ஒவ்வொரு வெளிப்புறப் படப்பிடிப்பிலும் மங்கலாக ஓர் ஆள் ஓரத்தில் நிற்க வேண்டும். முகம் தெரியக் கூடாது. துடைக்கவும் கூடாது. தேர்வறையில் யாரும் அது இன்னார் என்று சொல்லக் கூடாது, வாடிக்கையாளரே சொல்லும்வரை பொறுக்க வேண்டும். இதற்கு 'பாசத்தின் நிழல்' என்று காவ் பெயர் வைத்தார். வைக்கும்போது அவருக்குக் கண் கலங்கியது. மாதக் கடைசியில் சராசரி ஒன்பதைத் தொட்டது. நிலையம் நல்ல விலைக்குப் போயிற்று. யீஜுன் தேர்வறைத் தலைமை ஆனாள். ஆடேக்குப் புது மழைக்கோட்டு கொடுத்தார்கள், வெயில் நாளில் போட ஒரு தொப்பியும்.

ஆறு வாரம் கழித்து ஆல்பத்தை வாங்கப் பெய்ச்சி வந்தாள். கல்யாண விருந்துக்கு வாடகைக்கு எடுத்த சிவப்பு உடையைப் போட்டுப் பார்க்க அவள் உள்ளே போனாள். கூட வந்த தந்தை லாய் வரவேற்பறை சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தார். ஜல்லி லாரி ஓட்டுகிறவர். காலணியின் தூசு விரிப்பில் படாமல் பாதத்தைத் தூக்கியே வைத்திருந்தார். யீஜுன் பெரிதாக்கிய படத்தை அவர் முன்னே நிறுத்தினாள். பெய்ச்சி, கடல், ஓரத்தில் மஞ்சள் மழைக்கோட்டு.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு உடை மாற்றும் அறைத் திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"மேடம், உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன். இது நான் இல்ல."

யீஜுன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையமர்த்தினார்.

"நான் வேன்லயே தூங்கிட்டேன். ஒரு நாள் லீவு கேட்டதுக்கு, முந்தின ராத்திரி நாலு நடை அடிச்சுட்டுப் போடான்னுட்டாங்க. பொண்ணு அங்க மழையில நிக்குது, அப்பன் இங்க குறட்டை விட்டுக்கிட்டு இருக்கேன். அது பாவம், என்னைப் பெருசா நெனச்சுக்கிட்டு பதினோரு படம் வாங்கியிருக்கு." அவர் காது மடல் சிவந்திருந்தது. "தப்பு என் மேலதான். அவகிட்ட சொல்லிடாதீங்க."

நாற்பது நாளாக யீஜுன் மன்னிப்பு ஒன்றைத் தொண்டையில் வைத்திருந்தாள். விற்ற பிறகும் கலை இயக்குநராகவே தங்கிவிட்ட காவ் தூணருகே நின்று யாருக்கோ பியானோவைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்ல மாட்டேங்க" என்றாள்.

"ரொம்ப நன்றி மேடம்." அவர் எழுந்து தலை தாழ்த்தினார். "இன்னொண்ணு. இதை விருந்து வாசல்ல வைக்கப்போறாளாம். சொந்தக்காரங்க ஏதாவது கேப்பாங்க. எந்தக் கையில பிடிச்சிருக்கேன்?"

யீஜுன் குனிந்து பார்த்தாள். "இடது கை."

"இடதா." அவர் இடது கையை முன்னால் நீட்டி, இல்லாத துணியைப் பிடித்துப் பார்த்தார்.

பெய்ச்சி சிவப்பு உடையில் வெளியே வந்து சுற்றிக் காட்டினாள். "எப்படிப்பா இருக்கு?"

"பிரமாதம்" என்றார் லாய். ஆல்பப் பெட்டியை இடது கையால் தூக்கிக்கொண்டார்.

பெட்டி ஒன்பது கிலோ. படியிறங்குவதற்குள் வலது கைக்கு மாற்றிக்கொண்டார்.