பண்டிகை அன்று சாத்துகிற கதவு

கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலையே கேள்வி கேட்பதுதான். எதிரே உட்காருகிறவர் மூக்கில் கனமான சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்பத் தெளிவா இருக்கா? இதைவிட அது பரவாயில்லையா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வாய் ஓயாது. புகுந்த வீட்டில் அவளுக்குக் 'கேள்வி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, அது அப்பா வழிச் சொத்து. அப்பா ரேடியோ, மிக்ஸி பழுது பார்ப்பவர். ஒழுங்காக ஓடுகிற கடிகாரத்தைக்கூட, எப்படித்தான் ஓடுகிறது என்று கழற்றிப் பார்த்துவிடுவார்.

அந்த அப்பாதான் அவள் கல்யாணத்துக்கு வரவில்லை. பெண் தானே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டாள் என்று கோபம். அன்றிலிருந்து இந்த வீட்டுப் படி ஏறவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வருகிற முதல் பண்டிகை இது. போன வாரம் போன் போட்டு, "வாங்கப்பா" என்று கூப்பிட்டாள். "பார்க்கலாம்" என்று வைத்துவிட்டார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் ஆசை யாரை விட்டது? காலையிலிருந்து ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. மாமனார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் செருப்புச் சத்தம் மாடிப்படியில் தேய்வதற்குள் மாமியார் கதவைச் சாத்தி, மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டார்.

"அத்தை, மாமா வெளியில இருக்காரே!"

"வெளியில இருக்கிறதாலதான் சாத்துறேன்."

இப்படிப் பதில் சொன்னால் அவள் சும்மா இருப்பாளா? நேரே கணவனிடம் போனாள். அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "பண்டிகைன்னா கதவைச் சாத்துவாங்க. எல்லா வீட்டுலயும் அப்படித்தானே?" என்றான்.

"எங்க வீட்டுல கிடையாது."

"கிடையாதா? அப்புறம் எப்படிப் பண்டிகை ஆரம்பிப்பீங்க?" என்று அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். இத்தனை வயசு வரைக்கும் ஊர் உலகமே தாழ்ப்பாள் போட்டுத்தான் பண்டிகை கொண்டாடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான் பாவம்.

நாத்தனார் வேறு காரணம் வைத்திருந்தாள். "அப்பா வந்து தட்டுவாரு. அந்தச் சத்தத்துல கெட்டதெல்லாம் வீட்டை விட்டு ஓடிடும், அண்ணி."

"கதவைச் சாத்திட்டா அது எப்படி ஓடும்?"

நாத்தனார் பூ கட்டப் போய்விட்டாள்.

சட்டதிட்டம் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். வெளியே தட்டுவார்கள். உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்க வேண்டும். "நான்தான்" என்று பதில் வரும். உடனே திறக்க வேண்டும். வந்தவர் ஒரு வாய் இனிப்பு சாப்பிட்டு முடிக்கிற வரை அவரிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. இந்த வருஷம் திறக்க வேண்டியது புது மருமகள். இதைச் சொல்லும்போதே நாத்தனார் சிரித்துவிட்டாள், 'கேள்வி'யால் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா என்று.

கடைசியில் அடுப்படியில் மாமியாரையே பிடித்துக்கொண்டாள். மாமியார் நெய்க் கரண்டியை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கல்யாணமான புதுசுல உங்க மாமா அவங்க அப்பாகூடச் சண்டை போட்டுட்டு, மெக்கானிக்கா வேலை பார்க்கிற லிஃப்ட் கம்பெனியிலேயே போய்ப் படுத்துக்கிட்டாரு. பண்டிகை அன்னைக்கு வந்தாரு. நான் ஜன்னல்ல பார்க்கிறேன், கதவு திறந்துதான் கிடக்கு. வாசல் வரைக்கும் வந்தவரு திரும்பிப் போயிட்டாரு."

"திறந்திருந்தா உள்ள வர வேண்டியதுதானே?"

"எப்படிம்மா வருவாரு? அவர் பாட்டுக்கு நடந்து உள்ள வந்தா தோத்துப் போன மாதிரி ஆயிடாதா? உள்ள இருக்கிறவரும் வான்னு சொல்ல மாட்டாரு. அடுத்த வருஷம் நான் கதவைச் சாத்திட்டேன். சாத்தின கதவைத் தட்டலாமில்ல? தட்டினா யாருன்னு கேட்டுத்தானே ஆகணும்? கேட்டது என் மாமனாரு. அவ்வளவுதான், முடிஞ்சுது. அன்னையிலேர்ந்து வருஷா வருஷம் உங்க மாமாதான் தட்டுறாரு."

அவளுக்கு அடுத்த கேள்வி வரவில்லை. மாமியாருக்கே அது அதிசயமாக இருந்திருக்க வேண்டும், திரும்பி ஒரு தடவை அவளைப் பார்த்தார்.

வழக்கமாகத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடுகிற மாமனாரை அன்றைக்குக் காணோம். "லிஃப்ட் இல்லாத வீட்டைப் பார்த்து லிஃப்ட் மெக்கானிக் மலைச்சுப் போய் நிக்கிறாரு" என்றான் கணவன். அப்போது கதவு தட்டப்பட்டது. மாமனார் தட்டினால் கதவுக்கே வலிக்கும் என்பார்கள். இது அப்படி இல்லை, உள்ளே இருப்பது வேலை செய்கிறதா என்று ரேடியோவை விரலால் தட்டிப் பார்க்கிற தட்டல்.

"யாரு?" என்றாள்.

வெளியேயிருந்து மெதுவாக, "நான்தான்."

அவள் கை தாழ்ப்பாளிலேயே நின்றுவிட்டது. மாமியார்தான் முதுகில் கை வைத்து, "திற, கேள்வி" என்றார்.

அப்பா நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பழப் பை. பின்னால் படிக்கட்டில் மாமனார் கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, உதட்டில் விரல் வைத்து மருமகளுக்குச் சைகை காட்டினார். இத்தனை மாசமாக அவள் சேர்த்து வைத்திருந்த ஒரே கேள்வி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஏன்பா வரல? அதை எச்சிலோடு விழுங்கிவிட்டு, தட்டிலிருந்து இனிப்பை எடுத்து அப்பா வாயில் வைத்தாள். அவர் மென்றார். வீடே அவர் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

"கீழ நின்னு நம்ம ஜன்னலையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. போட்டோவுல பார்த்த முகமாச்சே, தெரியாதா?" என்றார் மாமனார். "இன்னைக்கு நீங்க தட்டுங்க சம்பந்தின்னு சொல்லிட்டேன்."

அப்பா இனிப்பை விழுங்கிவிட்டார். இனிமேல் கேட்கலாம். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கேட்டது அப்பாதான். கதவின் மேல் தாழ்ப்பாளையும் கீழ் தாழ்ப்பாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடக்க மாட்டாமல் கேட்டார்.

"ஏம்மா, வீட்டு ஆளு வெளியில இருக்கும்போது கதவை எதுக்குச் சாத்துறீங்க?"

"நீங்க தட்டுறதுக்குத்தான்பா" என்றாள் அவள்.