யாரும் போடாத பழசு

காலையிலிருந்து ஊதுகுழாயோடு மல்லுக்கட்டிய பத்தருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்து வந்த கல்யாணப்பெண், புதுத் தங்கத்துக்காக மலையைக் குடைவது பாவம், பழசை உருக்கியே மோதிரம் செய்யுங்கள் என்றாள். உருக்க வைத்திருந்த பழைய வளையல்களைப் பத்தர் எடுத்துக் காட்டினார்.

அவள் முகம் சுளித்தாள். "இதெல்லாம் யாரோ போட்டதாச்சே. யாரும் போடாத பழசு இல்லையா அண்ணா?"

நெருப்பில் இறங்கிய தங்கத்துக்கு யார் கை, யார் காது என்று ஞாபகமா இருக்கப்போகிறது? வாதாட அவருக்குத் தெம்பில்லை.

"பழைய போன்லேர்ந்து பிரிச்செடுத்த தங்கம் இருக்கும்மா. அதை யாரும் போட்டுக்கல."

அவளுக்குத் திருப்தி. பத்தர் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

வாசல்வரை போனவள் திரும்பினாள். "ஆமா, அது யாரோட போன்?"