கேட்டுக்கு வெளியே ஒரு மாசிலாமணி

மாசிலாமணியை அளப்பதற்காக இன்னொரு மாசிலாமணியைக் கொண்டுவந்திருந்தார்கள். மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் படுத்துக் கிடந்தவரை ஆட்டோவில் ஏற்றி வந்து கேட்டுக்கு வெளியே உட்கார வைத்தார்கள். அதே மூக்கு. புருவத்தின் மேல் அதே தழும்பு. சட்டை மட்டும் அழுக்கு.

மாசிலாமணிக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மனநோயும் குடியும் சேர்ந்து பிடித்தவர்களுக்காக நடக்கும் வீடு அது. ஆச்சரியப்படுவதை அங்கே எல்லோரும் எப்போதோ விட்டுவிட்டார்கள். அவர் காதுக்குள் பேசும் குரலுக்குக்கூடத் தனித் தட்டு உண்டு. அது ரசம் கேட்கும். ஊற்றுவார்கள்.

அளக்க வந்தவர் பூங்கோதை. கழுத்தில் தையற்காரரைப் போல இஞ்ச் டேப் தொங்கியது. வீட்டால் பயன் உண்டா இல்லையா என்று சாயங்காலத்துக்குள் அவர் சொல்லியாக வேண்டும். பயன் இல்லையென்றால் வீட்டை மடித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். லாரி தெருமுனையில் நின்றது. டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"இவரு வீடு கிடைச்ச மாசிலாமணி. அவரு வீடு கிடைக்காத மாசிலாமணி. ரெண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம்தான் வீட்டோட பயன்," என்றார் பூங்கோதை. "அவரை மட்டும் உள்ள விட்டுறாதீங்க. வித்தியாசம் கெட்டுப்போகும்."

"தண்ணி குடுக்கலாமா மேடம்?" என்று கேட்டார் மாசிலாமணி.

"அரை டம்ளர்."

பூங்கோதை மாசிலாமணியின் தூக்கத்தை அளந்தார். சிரிப்பை அளந்தார். கோபத்தை இரண்டாக மடித்து அளந்தார். பிறகு வெளியே போய் மற்றவரை அளந்தார். வித்தியாசம் தாராளமாக இருந்தது. வீடு தப்பித்தது என்று மாசிலாமணிக்கு நிம்மதியாக இருந்தது.

மத்தியானம் வெளியே இருந்தவருக்கு நடுக்கம் வந்தது. குடித்துப் பழகியவர் குடிக்காமல் இருந்தால் வரும் நடுக்கம். இரும்புக் கேட் கடகடவென்று ஆடியது.

நடுக்கத்துக்கு அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போனதும் பழைய ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு சினிமாக் கதையைச் சொல்வார். எழுத்துப் போடுவதில் ஆரம்பித்து, பாட்டு, சண்டை எதையும் விடமாட்டார். க்ளைமாக்ஸை மட்டும் நாளைக்கு என்று சொல்லிவிடுவார். அதைக் கேட்பதற்காகவாவது புதியவர் மறுநாளும் இருப்பார். மாசிலாமணி அப்படித் தங்கியவர்தான். அவருக்குக் கதை சொன்ன இருளப்பன் இன்னும் க்ளைமாக்ஸுக்கு வந்து சேரவில்லை.

மாசிலாமணி கேட்டருகே போய் நின்றார்.

"ஏப்பா மாசி, தொறந்தா வீடு போயிரும்ப்பா," என்றார் இருளப்பன்.

"தொறக்காட்டி நான் போயிருவேண்ணே," என்று மாசிலாமணி வெளியே நடுங்குகிறவரைக் காட்டினார்.

உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள அறை மாசிலாமணிக்கு வாழ்க்கையில் அந்த வீட்டில் கிடைத்தது ஒன்றுதான். பயந்துகொண்டேதான் கேட்டைத் திறந்தார்.

வராந்தா ஓர் அறை நீண்டது. அறைக்குள் தலையணை தயாராக இருந்தது. டாக்டர் வந்தார், ஊசி போட்டார், போனார். காதுக்குள் பேசும் குரல் மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றே என்பதால் முறை வைத்துப் பேசியது.

மாசிலாமணி மாசிலாமணியின் கையைப் பிடித்துக்கொண்டு கதையை ஆரம்பித்தார். பூங்கோதை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளை தாண்டியதும் நடுக்கம் நின்றது. அவர் உள்ளே வந்து இருவரையும் அளந்தார்.

"ரெண்டு பேரும் ஒரே அளவா இருக்கீங்க. வித்தியாசமே இல்ல. அப்ப வீட்டால பயன் இல்ல."

தெருமுனையில் லாரி உறுமியது.

"சரிங்க மேடம்," என்றார் மாசிலாமணி. பிடித்த கையை விடவில்லை. "அம்மாவைத் தண்டவாளத்துல கட்டிப் போட்டுட்டானுக. மகன் ஓடி வர்றான். ரயிலும் வருது. மிச்சம் நாளைக்கு."

டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்த பூங்கோதையின் கை நின்றது.

"அந்த அம்மா என்ன ஆனாங்க?"

"நாளைக்கு மேடம்."

"சாயங்காலம் நான் முடிவு சொல்லணுமே."

"சொல்லுங்க. ஆனா க்ளைமாக்ஸ் நாளைக்குத்தான். இங்கதான்."

பூங்கோதை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

டிரைவர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். "ஏத்தலாமா?"

"பொறுங்கண்ணே," என்றார் பூங்கோதை. "ரயில் வந்துக்கிட்டிருக்கு."

"எந்த ரயிலு?"

இருளப்பன் எழுந்து போய் டிரைவருக்குக் கேட்டைத் திறந்துவிட்டார். வராந்தா இன்னும் ஓர் அறை நீண்டது.